முறைப்பாட்டுக்காரர் கணபதிப்பிள்ளை, எதிரி தில்லையம்பலம்

தில்லையம்பலத்தின் சைக்கிள் களவு போனது 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். அப்போது அவர் லண்டனில் ஹரோ என்ற பகுதியில், ஐந்து குடும்பங்கள் இருந்த ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் மனைவி தவநாயகியுடன் குடியிருந்தார். பாண் சுடும் பக்டரி ஒன்றில் விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சந்தையில் பழைய பச்சை நிற ராலி சைக்கிள் ஒன்றை வாங்கி, இருக்கைக்குக் கீழே வெள்ளைப் பெயின்ற்றால் 'க. தி.' என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். க என்றால் கணபதிப்பிள்ளை, அவருடைய தகப்பன். தி என்றால் அவர்.

அவர் விட்டுவிட்டு வந்த நாட்டில் பொலிஸ் நிலையத்துக்குள் போன இளந்தாரிகள் திரும்பி வருவது நிச்சயமில்லை. லண்டனில் அவர் தானாகவே ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து போனார். ஒரு பொலிஸ்காரர் அவரை 'சேர்' என்று அழைத்து, இருக்கக் கதிரை காட்டி, முறைப்பாட்டை எழுதிக்கொண்டார். சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டையும் வாங்கி ஃபைலில் வைத்தார். தில்லையம்பலம் முழு உடம்போடு வெளியே வந்தார். சைக்கிள் போன கவலையை விட இந்தச் சந்தோசம் அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்கும் போன் எடுத்துச் சொன்னார். என் பெயர் யோகராஜா. அவருக்குத் தூரத்து உறவு, லண்டனின் மறுகோடியில் சட்டனில் இருக்கிறேன்.

"சட்டம் எண்டா இதுதான் யோகண்ணை" என்றார்.

நான் ஓம் என்றேன். எனக்கும் அப்போது தெரியாது.

பெயரைக் கேட்டபோது தில்லையம்பலம் நம்முடைய வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்து 'கணபதிப்பிள்ளை தில்லையம்பலம்' என்று சொல்லியிருக்கிறார். பொலிஸ்காரர் முதல் பாதியை எழுதி முடித்ததும் களைத்துப்போய்ப் பேனையை மூடிவிட்டார். ஆக, முறைப்பாட்டுக்காரர் திரு. கணபதிப்பிள்ளை.

மே மாதத்தில் ஒருநாள் பின்னேரம், பார்க் ஒன்றின் வேலியோரமாகச் சைக்கிள் காற்றுப் போய்ச் சரிந்து கிடப்பதைத் தில்லையம்பலம் கண்டார். குனிந்து இருக்கைக்குக் கீழே பார்த்தார். க. தி. இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். சைக்கிளின் இலக்கத்தை றேடியோவில் சொல்லிக் கேட்டார்.

"இது களவுபோன சைக்கிள். சொந்தக்காரர் திரு. கணபதிப்பிள்ளை. உங்கள் பெயர் என்ன?"

"தில்லையம்பலம்."

"அப்படியானால் இது உங்களுடையது இல்லை."

"என்னுடையதுதான். கணபதிப்பிள்ளை என்னுடைய தகப்பன்."

"அவர் எங்கே?"

"எழுபத்து நாலாம் ஆண்டு செத்துப்போனார்."

பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தில் ஆற அமர எழுதினார். தகப்பனுடைய சைக்கிள் என்பதை இவர் ஒப்புக்கொள்கிறார். மார்ச் மாதம் நேரில் வந்து முறைப்பாடு செய்த தகப்பன் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இறந்துவிட்டதாகவும் சொல்கிறார்.

பொலிஸ் நிலையத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். சார்ஜன் நல்ல மனிதர். தில்லையம்பலம் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது" என்றார் சார்ஜன். "ஆனால் இந்தப் படிவத்தைப் பாருங்கள். இங்கே 'பாதிக்கப்பட்டவர்' என்று ஒரு பெட்டி. இங்கே 'சந்தேக நபர்' என்று ஒரு பெட்டி. ஒருவருக்கு ஒரு பெட்டியில்தான் அடையாளம் போடலாம். இரண்டிலும் போட்டால் தலைமையகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருட சேவையில் என்னுடைய ஒரு படிவம்கூடத் திரும்பி வந்ததில்லை."

முறைப்பாட்டுக்காரரும் சந்தேக நபரும் ஒரே விலாசம் என்பதைச் சார்ஜன் கவனிக்காமல் இல்லை. அவர் கெட்டிக்காரர். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வந்தார். களவெடுத்தவனும் களவு கொடுத்தவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே கணபதிப்பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.

மறுநாள் காலை நீதவான் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல மூன்று பேர் வரிசையாக இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்தவராம். தில்லையம்பலத்துக்கு அரசாங்கச் செலவில் ஒரு சொலிசிற்றர் கிடைத்திருந்தார். அவர் பெயர் அழகப்பன். மலேசியாக்காரர். சட்டம் படிக்க வந்து, படித்து, இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ் தெரிந்த சொலிசிற்றர் கிடைத்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அழகப்பன் எழும்பி, குற்றம் சாட்டப்பட்ட எதிரி, தான்தான் பாதிக்கப்பட்டவர் என்கிறார் என்று பணிவாகச் சொன்னார்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினோரு வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன். என் முன்னால் வந்த எதிரிகளில் முக்கால்வாசிப் பேர் தாங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொன்னார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை. இவரை மட்டும் நம்பினால் மற்றவர்களுக்கு அநியாயம் செய்தது ஆகிவிடும்."

பிணை கிடைத்தது. நிபந்தனைகள் நான்கு. எதிரி தில்லையம்பலம் முறைப்பாட்டுக்காரர் கணபதிப்பிள்ளையோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது. கணபதிப்பிள்ளையின் வீட்டுக்கு நூறு யார் தூரத்துக்குள் வரக்கூடாது. வழக்கு முடியும்வரை சட்டனில் யோகராஜா என்பவருடைய வீட்டில் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை கையெழுத்து.

அப்படித்தான் தில்லையம்பலம் என் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். தவநாயகி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

இரண்டு பொலிஸ்காரர் ஹரோ வீட்டு வாசலிலிருந்து நூலிழை பிசகாமல் நாடா பிடித்து அளந்தார்கள். அந்த றோட்டின் முனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டிவரை எதிரி வரலாம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் தில்லையம்பலம் மூன்று றெயின் மாறிப் போய்த் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். தவநாயகி சாப்பாட்டுப் பெட்டியோடு நடந்து வருவார். இரண்டு பேரும் நின்றபடி கதைத்துவிட்டுத் திரும்புவார்கள். சட்டனிலிருந்து விடியற்காலை ஷிப்டுக்குப் போக வழியே இல்லாததால் வேலை போய்விட்டது.

ஒருநாள் தவநாயகியிடம் பெர்னடெற் என்ற பெண் வந்தார். களவு கொடுத்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் தொண்டர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர். கையில் பூங்கொத்தும் துண்டுப் பிரசுரமும் இருந்தன.

"உங்கள் கணவர் கணபதிப்பிள்ளை மிகவும் உடைந்து போயிருப்பார்" என்றார் பெர்னடெற்.

"ஓம். சட்டனில் உடைஞ்சு போய் இருக்கிறார்" என்றார் தவநாயகி. "அவர் தன்னைத் தான் சந்திக்கக்கூடாது எண்டு கோட்டு சொல்லிப்போட்டுது."

தன் அரைகுறை ஆங்கிலத்தில் முழுக் கதையையும் தவநாயகி விளக்கினார். பெர்னடெற் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கண் கலங்கினார். பிறகு, எதிரியைப் பற்றிப் பேசத் தனக்கு அனுமதி இல்லை என்றும், கணபதிப்பிள்ளைக்கு மட்டும்தான் உதவலாம் என்றும் சொல்லி ஒரு படிவத்தைத் தந்தார். இந்தக் குற்றம் உங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று நிரப்பவேண்டும்.

தில்லையம்பலம் என் சாப்பாட்டு மேசையில் இருந்து இரண்டு நாள் அதை நிரப்பினார். உண்மையான மனிதர், உண்மையைத்தான் எழுதினார். 'அந்த நாளிலிருந்து என் சொந்த வீட்டில் என்னால் படுக்க முடியவில்லை. வேலையை இழந்தேன். கர்ப்பிணி மனைவியைத் தெருவில்தான் சந்திக்கிறேன். எப்போதும் பயமாக இருக்கிறது.' கீழே கணபதிப்பிள்ளை தில்லையம்பலம் என்று முழுப்பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தார். பெட்டி சிறியது. பாதிப் பெயர் பெட்டிக்கு வெளியே போய்விட்டது.

ஜூலை மாத விசாரணையில் அரச தரப்பு வழக்கறிஞர் அந்தப் படிவத்தை உரக்க வாசித்தார். ஒரு பழைய சைக்கிளுக்காக ஒரு மனிதரை வீட்டை விட்டே துரத்தியிருக்கிறான் இந்த எதிரி என்றார் வழக்கறிஞர். இது இந்தச் சின்ன நீதிமன்றத்தின் தகுதிக்கு மேற்பட்ட குற்றம் என்று அம்மையார் சொன்னார். வழக்கு ஜூரிமார் இருக்கும் பெரிய நீதிமன்றத்துக்குப் போயிற்று. கையெழுத்துக் கிழமைக்கு மூன்று முறையாயிற்று.

வெளியே வந்ததும் அழகப்பன் தில்லையம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கவலைப்படாதீங்க. பெரிய கோர்ட்டுன்னா பெரிய ஆளுங்க. விக் வச்ச பாரிஸ்டர் வருவாரு."

"நான் ஆரெண்டு காட்டினாப் போதாதோ? பாஸ்போட்டில முழுப்பெயரும் இருக்கு."

"பாஸ்போர்ட் எங்கே?"

"குரோய்டனில, குடிவரவுக் கந்தோரில. அகதிக் கேசுக்கு வாங்கி வச்சிருக்கினம். ஒரு கடிதம் தந்தவை."

அழகப்பன் கடிதத்தைப் பார்த்தார். அதில் அவர் பெயர் 'தில்லை பிள்ளை' என்று இருந்தது. அழகப்பன் அதை நாலாக மடித்துத் தில்லையம்பலத்தின் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

"இதை யாருக்கும் காட்டிடாதீங்க. இப்ப ரெண்டு பேரு. இதைக் காட்டினா மூணு பேரு ஆயிடும். மூணு பேருன்னா சதின்னு சொல்லிடுவாங்க. உண்மையை எப்ப சொல்லணும்னு ஒரு நேரம் இருக்கு. இது அந்த நேரம் இல்ல."

"அந்த நேரம் எப்ப வரும்?"

"ஆமா, அதைத்தான் பார்க்கணும்" என்றார் அழகப்பன்.

இன்னொரு வழியும் அவர் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்; முதல் குற்றம், சிறைக்குப் போக வேண்டியிருக்காது. அன்றிரவு சாப்பிடும்போது நானும் அதைத்தான் சொன்னேன். அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மனைவி முன்னறையைத் திரும்பக் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

தில்லையம்பலம் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"குரோய்டனில நான் ஆர், ஏன் வந்தனான் எண்டு உண்மையச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன் அண்ணை. இஞ்ச ஒரு பொய்யை ஒப்புக்கொண்டா அங்க சொன்னதை ஆர் நம்புவினம்? என்ர சைக்கிளை நான் களவெடுத்தனான் எண்டு எப்பிடிச் சொல்ல ஏலும்?"

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செப்டெம்பரில் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி நூறு யாருக்கு வெளியே இருந்தபடியால் தில்லையம்பலம் பிள்ளையைத் தூக்கினார். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது நானும் போனேன். டாக்சி தபால் பெட்டிக்கு வந்ததும் அவர் இறங்கிவிட்டார். பிள்ளையை மனைவியிடம் கொடுத்து, துணியை இழுத்து அதன் காலை மூடிவிட்டார். டாக்சி போய் நின்று, தவநாயகி பிள்ளையோடு கதவைத் திறந்து உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கணபதிப்பிள்ளை குடுத்துவைச்சவன்" என்றார் என்னிடம். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வழக்கு பதினான்கு மாதம் தவணை போயிற்று. ஒருமுறை ஃபைல் வரவில்லை. ஒருமுறை ஃபைல் வந்தது, உள்ளே வேறொருவருடைய கார் விபத்து இருந்தது. ஒருமுறை மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவருக்குத் தெரிந்தது குஜராத்தி. இருக்கைக்குக் கீழே இருந்த எழுத்துகளைப் படம் பிடித்து ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார்கள். இவை தமிழ் எழுத்துகள், க என்றும் தி என்றும் உச்சரிக்கவேண்டும், சேர்ந்து வரும்போது பொருள் எதுவும் இல்லை என்று அவர் ஐந்து மாதத்தில் பதினெட்டுப் பக்க அறிக்கை கொடுத்தார். பற்றுச்சீட்டைக் காட்டும்படி அழகப்பன் கேட்டார். அது முறைப்பாட்டுக்காரரின் அந்தரங்க ஆவணம், எதிரிக்குக் காட்டமுடியாது என்று பதில் வந்தது.

1990 ஓகஸ்டில் ஹரோ வீட்டுக்கு இன்னொரு கடிதம் வந்தது. பொலிஸ் களஞ்சியத்தில் சான்றுப் பொருளாக வைத்திருந்த சைக்கிளைக் காணவில்லை. 'அன்பான திரு. கணபதிப்பிள்ளை, உங்கள் சைக்கிள் மீண்டும் களவு போயிருப்பதற்கு வருந்துகிறோம். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யவும்.'

தவநாயகி அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியடியில் கணவனிடம் கொடுத்தார்.

"போறீங்களோ?" என்று கேட்டார்.

"இந்த முறை பேரைத் தலைகீழாச் சொல்லிப் பாக்கட்டோ?" என்றார் தில்லையம்பலம். ஆனால் போகவில்லை.

நவம்பரில் வழக்கு ஜூரிமார் முன் விசாரணைக்கு வந்தது. அதற்கு முதற்கிழமை ஒரே காலையில் இரண்டு அழைப்பாணைகள் வந்தன. சட்டனுக்கு எதிரி தில்லையம்பலத்துக்கு ஒன்று. ஹரோவுக்குச் சாட்சி கணபதிப்பிள்ளைக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே நீதிமன்றம்.

அழகப்பன் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். "சாட்சி வரலேன்னா கேஸ் நிக்காது. சாட்சி வரக்கூடாதுன்னு வேண்டிக்குங்க."

"நான் வருவன்தானே?"

"எதிரியா வாங்க. சாட்சியா வந்துடாதீங்க."

நீதிபதி சிவப்பு அங்கியும் குதிரைமயிர் விக்குமாக இருந்தார். ஜூரிமார் பன்னிரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். தில்லையம்பலம் எதிரிக்கூண்டில், பக்கத்தில் ஒரு காவலர். தவநாயகி பதினான்கு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பார்வையாளர் பகுதியில் இருந்தார். அரச தரப்பு வழக்கறிஞர் பேராசிரியரின் அறிக்கையை விளக்கினார். இருக்கைக்குக் கீழே எந்த எழுத்து இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு கவனமாக அந்தச் சைக்கிளை அவன் முன்கூட்டியே நோட்டம் விட்டிருக்கிறான். ஜூரிமாரில் இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சாட்சியைக் கூப்பிட்டார்கள். சேவகர் விறாந்தையில் போய் மூன்று முறை உரத்துக் கூவினார்.

"திரு. கணபதிப்பிள்ளை."

மூன்றாம் முறை தில்லையம்பலம் எதிரிக்கூண்டில் எழும்பி நின்றார். "ஓம், நான்தான்" என்றார்.

"எதிரியை உட்காரச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. "அவருடைய முறை பிறகு வரும்."

காவலர் தோளைப் பிடித்து இருத்தினார். சாட்சி வராததற்குக் காரணத்தை ஜூரிமார் எதிரியின் முகத்திலேயே பார்க்கலாம் என்று அரச தரப்பு வழக்கறிஞர் சொன்னார். அப்போதுதான் தவநாயகி எழும்பினார். பிள்ளை இடுப்பில் இருந்தது.

"அய்யா, அவரும் இவரும் ஒராள்தான்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். "நான் கலியாணம் கட்டினது ஒரு ஆளை. எனக்குத் தெரியாதோ?"

நீதிபதி அவரைக் கோபத்தோடு பார்க்கவில்லை. கருணையோடுதான் பார்த்தார்.

"அம்மணி, உங்கள் கணவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த நீதிமன்றத்துக்கு அது நிரூபிக்கப்படவில்லை. பார்வையாளர் பகுதியிலிருந்து உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் சாட்சிக்கூண்டு எதற்கு?"

தவநாயகியை வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

சாட்சியும் இல்லை, சைக்கிளும் இல்லை. எதிரி குற்றவாளி அல்ல என்று சொல்லும்படி நீதிபதி ஜூரிமாருக்கு வழிகாட்டினார். அவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு நீதிபதி கால்மணி நேரம் உரையாற்றினார்.

"திரு. தில்லையம்பலம், நீங்கள் வந்த நாட்டில் இப்படி நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பழைய சைக்கிளுக்காக இந்த நாடு பதினெட்டு மாதம், இரண்டு நீதிமன்றங்கள், பன்னிரண்டு ஜூரிமார், ஒரு பேராசிரியர் ஆகிய எல்லாவற்றையும் உங்களுக்காக ஒதுக்கியது. நீங்கள் நிரபராதி என்பதைக் கண்டுபிடிக்க நாங்கள் எந்த அவசரமும் காட்டவில்லை. நீங்கள் போகலாம்."

தில்லையம்பலம் கும்பிட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினார். அவர் கதவடிக்குப் போவதற்குள் நீதிபதி இன்னொரு கட்டளை போட்டார். அழைப்பாணைக்குக் கீழ்ப்படியாத சாட்சி கணபதிப்பிள்ளையைக் கைது செய்து உடனே கொண்டுவர வேண்டும்.

வாசலில் நின்ற பொலிஸ்காரர் கட்டளையை வாங்கினார். விலாசத்தைப் பார்த்தார். தில்லையம்பலத்தைப் பார்த்தார். பதினெட்டு மாதமாக ஒருவருக்கும் விளங்காதது அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"கணபதிப்பிள்ளை நீங்கள்தானே?" என்றார்.

"ஓம்" என்றார் தில்லையம்பலம்.

"நன்றி" என்று சொல்லிப் பொலிஸ்காரர் அவரைக் கைது செய்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். ஜூரிமார் போய்விட்டிருந்தார்கள். நீதிபதியின் முகத்தில் காலையில் இருந்த கருணை இல்லை.

"காலையில் உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"அந்தக் கூண்டில் இருந்தேன்."

நீதிபதி எட்டிப் பார்த்துத் தூரத்தைக் கணித்தார்.

"பதினைந்து அடி. வருவதற்கு உங்களுக்குப் போதிய வாய்ப்பு இருந்திருக்கிறது."

"இருக்கச் சொன்னீர்கள்."

"அது எதிரிக்குச் சொன்னது." நீதிபதி விக்கைச் சரி செய்தார். "திரு. கணபதிப்பிள்ளை, நீங்கள் காலாகாலத்தில் முன்வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிரபராதி பதினெட்டு மாதம் வீட்டை விட்டு, வேலையை விட்டு, பிள்ளையை விட்டு அலைந்திருக்க வேண்டியதில்லை. அவரைப் பற்றி ஒரு கணமாவது யோசித்தீர்களா?"

"யோசித்தேன்" என்றார் தில்லையம்பலம்.

"அப்படியென்றால் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதோடு விட்டுவிடுகிறேன்."

அழகப்பன் கீழேயிருந்து கேளுங்க, கேளுங்க என்று கையால் சைகை காட்டினார். தில்லையம்பலம் வெறுமையாய் இருந்த எதிரிக்கூண்டின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தமிழில் ஏதோ சொன்னார். எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. நீதிமன்ற எழுதுவினைஞர், மன்னிப்புக் கேட்கப்பட்டது என்று பதிந்தார்.

வெளியே படிக்கட்டில் தவநாயகி பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நடந்ததை நான் சொன்னேன். தவநாயகி முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"மன்னிப்புக் கேட்டனீங்களோ?" என்றார் கணவனிடம்.

"ஓம், கேட்டனான்."

"அவர் மன்னிச்சவரோ?"

தில்லையம்பலம் றோட்டைப் பார்த்தபடி யோசித்தார்.

"இல்லை" என்றார்.